இரும்புக்கு அடிதடி

வணக்கம் ஐயா,
நம் உடம்பில் மனித செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று படித்தேன். அவற்றில் நல்லவையும் கெட்டவையும் உணவுக்காக அடித்துக்கொள்கின்றனவாம். நல்லவை ஜெயிக்க நாம் என்ன செய்யலாம்? நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை உதவுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பத்து மடங்கு 1970-களின் உத்தேசக் கணக்கு. 2016-இல் திருத்திவிட்டார்கள்: பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

ஆனால் ‘நல்லவை, கெட்டவை’ என்று எழுதினீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் போனால் ஆளையே படுக்கப் போட்டுவிடும். அதற்குக் குணமெல்லாம் கிடையாது, பிழைப்பு மட்டும்தான்.

உணவு என்றால் நீங்கள் சர்க்கரையை நினைத்திருப்பீர்கள். எனக்கு இரும்புதான் நினைவுக்கு வருகிறது. அம்மாவுக்கு ரத்தசோகை. இரும்பு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தபோது கடும் காய்ச்சல் வந்தது. மருத்துவர் முதல் வேலையாக அந்த மாத்திரையை நிறுத்தினார். சோர்ந்து கிடப்பவளுக்குச் சத்தையும் பிடுங்குகிறாரே என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை.

காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. குடல் இரும்பை உள்ளே விடுவது குறைகிறது, கிடங்கில் இருப்பதும் வெளியே வராது. கிருமிக்குக் கிடைக்காமலிருக்க உடம்பே கதவைச் சாத்துகிறது. அந்த நேரத்தில் மேலும் இரும்பைக் கொட்டினால் பெரும்பகுதி குடலிலேயே தங்கும், அங்கே காத்திருப்பவர்களுக்கு விருந்து.

அவர்களும் சும்மா இருப்பதில்லை. ஈ.கோலை என்டரோபாக்டின் என்ற மூலக்கூறை வெளியே வீசும். அது இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பும், தூண்டில் மாதிரி. நம் உடம்பு லிப்போகாலின்-2 என்ற புரதத்தை விட்டு அந்தத் தூண்டிலையே பறிக்கிறது. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இன்னும் கில்லாடி. அதே தூண்டிலில் சர்க்கரையை ஒட்டிவிடும், லிப்போகாலினின் பிடிக்குள் அது அடங்காது. குடல் அழற்சியில் நாம் வீசும் வலையில் பழைய குடித்தனக்காரரான ஈ.கோலை சிக்கிப் பட்டினி கிடக்க, வந்தேறியான சால்மோனெல்லா சாப்பிடுகிறது. (தயிரில் இருக்கும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா வகைகள் பலவற்றுக்கு இரும்பே பெரிதாகத் தேவையில்லை. மாங்கனீசை வைத்துச் சமாளிக்கும். விவரமானவை!)

உங்கள் ‘நல்லது’ எப்படி ஜெயிக்கிறது தெரியுமா? முதல் உலகப் போரில் வயிற்றுப்போக்குக்குத் தப்பிய ஒரு சிப்பாயின் குடலிலிருந்து 1917-இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே ஓர் ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். இன்றும் அது புரோபயாட்டிக்காக விற்பனையாகிறது. சால்மோனெல்லாவோடு இரும்புக்குப் போட்டிபோட அதனிடம் இருக்கும் ஆயுதங்களில் ஒன்று, அதே சர்க்கரை ஒட்டிய தூண்டில்.

இதைப் படித்துவிட்டு, காய்ச்சல் வந்ததும் இரும்பு மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன் என்று எழுதினீர்களானால் கோபம் வரும். அம்மாவின் மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். காய்ச்சல் விட்டதும் அவரேதான் மறுபடி எழுதிக் கொடுத்தார். அன்றும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.