கூடைக்கு முதுகு காட்டி ஆடினால் ஐந்தே விநாடி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அந்த விதி இன்னும் தேவையா?

தேவையில்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதை எடுத்துவிட்டால் பழைய போஸ்ட் ஆட்டம் (கூடைக்குப் பக்கத்தில் முதுகால் தள்ளி இடம்பிடித்து ஆடுவது) திரும்பி வந்துவிடும் என்று சிலர் ஆசையோடு சொல்கிறார்களே, அதையும் நான் நம்பவில்லை.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடுவோம். ஃப்ரீ த்ரோ கோட்டை (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதலுக்கு நிற்கும் கோடு) இரண்டு பக்கமும் நீட்டிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கும் கூடைப் பக்கத்து எல்லைக்கோட்டுக்கும் இடையில், கூடைக்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டியபடி ஐந்து விநாடிக்கு மேல் டிரிபிள் செய்யக் கூடாது, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. பந்தைக் கையில் எடுத்துவிட்டாலோ, டிரிபிள் செய்தபடியே கோட்டைத் தாண்டிக் கூடையை விட்டு விலகிப் போய்விட்டாலோ, தடுப்பவர் பந்தைத் தட்டிவிட்டாலோ எண்ணிக்கை முடிந்தது. மீறினால் பந்து எதிரணிக்குப் போகும். இது 1999-2000 சீசனில் வந்தது. சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிகளில் இப்படி ஒன்று கிடையாது. அங்கே ஐந்து விநாடிக் கணக்கு, நெருக்கமாகத் தடுக்கப்படும் ஒருவர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்குத்தான்.

நான் ஆடியதெல்லாம் ஃபிபா விதிகளின்படிதான். கார்டாக, அதாவது கூடைக்குத் தள்ளி வெளிப்பக்கம் ஆடுபவனாக ஆடினேன், அப்போது உடம்பில் சதையே இருக்காது. எதிரணியில் ஒருவர் இருந்தார். என்னைவிட உயரம் குறைவு, ஆனால் அகலம் இரண்டு மடங்கு. பந்து அவருடைய இடது கையில், என் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். வலது இடுப்பு என் தொடையில் இருக்கும். ஒரு டிரிபிள், ஒரு முட்டு. மறுபடி ஒரு டிரிபிள், ஒரு முட்டு. ஒவ்வொரு முட்டுக்கும் அரையடி பின்னால் போவேன். எட்டு ஒன்பது தடவை இப்படி நடந்தால் நான் ரிங்குக்கு நேர் கீழே நிற்பேன், அவர் சாவகாசமாகத் திரும்பிப் பந்தைப் போடுவார். உதவிக்கு வா என்று கத்துவேன். ஒருவன் வருவான். அவன் விட்டுவிட்டு வந்த ஆளுக்குப் பந்து பறந்துவிடும். நடுவர் பார்த்துக்கொண்டே நிற்பார், அவர் விசில் ஊத அதில் ஒன்றும் இல்லையே.

ஆக, இந்த ஆட்டம் தடுப்பவருக்கு எவ்வளவு எரிச்சல் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என்பிஏவில் இதற்கு இரண்டு பேரைக் காரணமாகச் சொல்வார்கள். ஒருவர் மார்க் ஜாக்சன், பாயிண்ட் கார்டாக இருந்துகொண்டே தன்னைவிடச் சிறிய கார்டுகளை முதுகால் தள்ளிக்கொண்டு போனவர். விதிக்கு இன்றும் அவர் பெயரே பட்டப்பெயர். இன்னொருவர் சார்ல்ஸ் பார்க்லி. வேடிக்கை என்னவென்றால், விதி வந்த சீசன்தான் பார்க்லி ஆடிய கடைசி சீசன்.

சரி, அப்போது மட்டும் ஏன் அது அவ்வளவு பெரிய தலைவலியானது? குற்றத்தில் பாதி இன்னொரு விதியுடையது. தொண்ணூறுகளில் 'இல்லீகல் டிஃபென்ஸ்' என்று ஒன்று இருந்தது. தடுப்பவர் தன் ஆளை விட்டு விலகி நடுவில் சும்மா காவல் நிற்க முடியாது. ஒன்று தன் ஆளோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் நேராகப் போய் பந்து வைத்திருப்பவரை டபுள் டீம் செய்ய வேண்டும், அதாவது இரண்டாவது ஆளாகச் சேர்ந்து தடுக்க வேண்டும். பயிற்சியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நான்கு பேரை மறுபக்கம் ஓரமாக நிறுத்திவிட்டால் அவர்களைத் தடுப்பவர்களும் அங்கேயே நின்றாக வேண்டும். பத்து பேர் ஆட்டத்தில் இரண்டு பேர் முட்டிக்கொள்ள, எட்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். 1998-99 சீசனில் ஓர் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 91.6 புள்ளிதான். லீக் பயந்ததில் நியாயம் இருந்தது.

அப்புறம் 2001-02 சீசனில் இல்லீகல் டிஃபென்ஸையே எடுத்துவிட்டார்கள். ஆளை அல்லாமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பு அனுமதிக்கப்பட்டது. கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டத்துக்குள் (பெயிண்ட்) யாரையும் தடுக்காமல் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மட்டும் புதிதாக வந்தது. அத்தோடு ஐந்து விநாடி விதிக்கு வேலை போய்விட்டது என்பது என் கட்சி. நோயின் வேரையே பிடுங்கியாகிவிட்டது, வலிக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

போஸ்ட் ஆட்டத்தைக் கொன்றது இந்த விதிதான் என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஷகீல் ஓ'நீல். விதி வந்த அதே சீசனில் எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர். 2000, 2001, 2002 என்று மூன்று வருடமும் அவருடைய அணியான லேக்கர்ஸ்தான் சாம்பியன். ரிங்குக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துப் பந்தை வாங்குபவருக்கு இரண்டு டிரிபிள் போதும், ஐந்து விநாடி எதற்கு? டென்வர் அணியின் நிகோலா யோகிச் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் (எல்போ) பந்தை வாங்கி, டிரிபிளே செய்யாமல் தலைக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு யார் வெட்டி ஓடுகிறார்கள் என்று பார்க்கிறாரே, அவரை இந்த விதி தொடவே தொடாது. போஸ்ட் ஆட்டம் சுருங்கியதற்கு ஸோனும், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற கணக்கும்தான் காரணம்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதம் எனக்குக் கனமாகப் படுகிறது. இப்போது ஐந்து பேரும் வெளியிலிருந்து எறியத் தெரிந்தவர்கள். அதனால் தடுப்பவர்கள் மறுபடியும் அவரவர் ஆளோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அதாவது பழைய இல்லீகல் டிஃபென்ஸ் விதியின் விளைவு, விதி இல்லாமலேயே வந்துவிட்டது. ஸ்க்ரீன் வைத்து (தடுப்பவரின் வழியை மறித்து) ஸ்விட்ச் வாங்கி (தடுப்பவர்களை ஆள் மாற வைத்து), குட்டிக் கார்டு ஒருவரைப் பிடித்து, ஒரு பெரிய வீரர் பத்து விநாடி தள்ளிக்கொண்டே போனால்? பார்க்கச் சகிக்காதுதான்.

ஆனால் ஸ்விட்ச் கிடைப்பதற்குள்ளேயே ஒரு தாக்குதலுக்கு உள்ள 24 விநாடியில் பாதி ஓடியிருக்கும். அதோடு மெதுவாகத் தள்ளுவதில் தடுப்பவர்களுக்குத்தான் லாபம். ஆளை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. எங்கள் அணியில் இதைக் கண்டுபிடித்தது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் எங்கள் சென்டர். அந்த அகலமான ஆசாமி இரண்டாவது தடவை முட்டும்போதே, 'நீ அந்தப் பக்கம் போடா' என்று என் சட்டையைப் பிடித்து இழுத்து விட்டுவிட்டு அவனே வந்து நின்றுகொண்டான். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க அவர் எங்களுக்கு முதுகைத் திருப்பவே இல்லை.