வாளின் பிடியை மாற்றிச் சுற்றலாமா?

கேள்வி: யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். இயாய்தோ (ஜப்பானிய வாள்கலை) வகுப்புக்காக வாங்கிய பழைய பயிற்சி வாளின் கைப்பிடி நாடா தொளதொளத்துவிட்டது. வீசும்போது உள்ளங்கையில் நகர்கிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால் கருநீலப் பட்டு நாடா, டிராகன் உருவம் என்று ஆசைப்பட்டபடி செய்துகொள்ளலாமா? வீடியோ பார்த்து நானே சுற்றினால் என்ன?

பதில்: நிறத்தைப் பிறகு பார்ப்போம். அந்த நாடா ஏன் தளர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

கைப்பிடிக்குள் இருப்பது ஹோ மரம், அதாவது மக்னோலியா இனத்து மென்மரம். இரண்டு பாதிகளாகக் குடைந்து ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் திருக்கை மீன் தோல், அதற்கும் மேலே நாடா. வாளையும் பிடியையும் பிணைத்து வைத்திருப்பது பெரும்பாலும் மெகுகி என்கிற ஒற்றை மூங்கில் ஆணிதான். நாடா அழகுக்காக மட்டும் சுற்றப்படுவதில்லை; மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பதும் அதுதான்.

ஆணியை அதன் மெல்லிய முனைப் பக்கமிருந்து தட்டி வெளியே எடுத்துப் பிடியைக் கழற்றுங்கள். ஆணித் துளை வட்டமாகவே இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டதா? துளையிலிருந்து மயிரிழை போல விரிசல் ஓடுகிறதா? திரும்ப மாட்டி மெதுவாகக் குலுக்கினால் 'கடக்' என்று சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் புது நாடா வீண் செலவு. மரத்தையே புதிதாகச் செய்ய வேண்டும். அது நாடா சுற்றும் கூலியைவிடக் கூடுதலாகும், நாளும் பிடிக்கும். வேலை முடியும்வரை அந்த வாளை வீசாதீர்கள். பயிற்சி வாள்கள் பெரும்பாலும் கூர் இல்லாத துத்தநாக அலுமினியக் கலவைதான். ஆனாலும் பிடியிலிருந்து நழுவிப் பறந்தால் எதிரே நிற்பவர் கதி என்ன?

மரம் நன்றாக இருந்தால் ஆசைக்கு வரலாம். பட்டு மெல்லியது, இறுக்கமாக உட்காரும், விலை அதிகம். பருத்தி வியர்வையை உறிஞ்சும். வாரம் முழுக்கப் பயிற்சி செய்பவருக்கு என் ஓட்டு அதற்கே. தோல் நாடா நல்ல பிடிமானம் தரும், ஆனால் தடிமன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாடாவின் தடிமனைக் கணக்கிட்டுத்தான் மரத்தைச் செதுக்கியிருப்பார்கள். சுற்றி முடித்ததும் நாடாவின் மேல்மட்டம் முன்முனை வளையமான ஃபுச்சி, பின்முனை மூடியான கஷிரா இரண்டோடும் சமமாக நிற்க வேண்டும். மெல்லிய பட்டு இருந்த இடத்தில் தடித்த தோலைச் சுற்றினால் நடுவே உப்பிக்கொண்டு நிற்கும். "மரத்தைத் திருத்தாமல் இந்த நாடா பொருந்துமா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

டிராகன் போல நாடாவுக்கு அடியில் வைக்கும் அலங்கார உருவத்துக்கு மெனுகி என்று பெயர், பக்கத்துக்கு ஒன்று. வழக்கமான அமைப்பில் அவை விரல்நுனிகளுக்குக் கீழே வரும். இடம் மாற்றி வைத்தால் உள்ளங்கையில் அழுத்தும். அப்படி மாற்றி வைப்பதையே விரும்பும் வாள்கலைப் பள்ளிகளும் உண்டு. உங்கள் ஆசிரியரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

நீங்களே சுற்றுவது பற்றி. கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு போட்டுப் பழகியவருக்குத் தெரியும், ஒரு சுற்றில் விட்ட தளர்ச்சி கடைசி முடிச்சுவரை கூடவே வரும். இங்கும் அதே கதை. இரு இழைகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு குறுக்கிலும் நாடாவைத் திருகி மடித்து, அடியில் ஹிஷிகாமி எனும் முக்கோணக் காகித மடிப்பைச் செருகி, இழுவிசை குறையாமல் அடுத்த குறுக்குக்குப் போக வேண்டும். வைர வடிவ இடைவெளிகள் ஒரே அளவில் நிற்பதும், குறுக்குகள் நகராமல் இருப்பதும் அந்தக் காகிதத்தால்தான். வீடியோவில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை கையில் அப்படி முடியாது. கற்க ஆசையென்றால் ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பழகுங்கள். வீசும் வாளுக்குக் கைவினைஞர்தான்.

வேலை முடிந்து வந்ததும் ஒரு குறுக்கின் மேல் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் திருப்பி அனுப்புங்கள். குறுக்குகளில் மேலே வரும் இழை ஒன்றுக்கொன்று மாறி மாறி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாகவே இருந்தால் அவசர வேலை.

கேள்வி: கியோட்டோவில் ஒரு பழம்பொருள் கடையில் பழைய வாகிசாஷி (குறுவாள்) வாங்கினேன். பதிவுச் சான்று இருக்கிறது. பிடியின் பட்டு நாடா தொட்டாலே உதிர்கிறது. புதிதாகச் சுற்றினால் மதிப்பு கூடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உதிர்கிற அந்த நாடாவும் பொருளின் வயதில் ஒரு பங்கு. சேகரிப்பவர்கள் தேடுவது அந்தக் காலத்து வேலை மாறாமல் இருக்கிறதா என்பதைத்தான். பளபளக்கும் புது நாடாவை அல்ல. வாளுக்கு ஷிராசாயா எனும் வெறும் மர உறையும் பிடியும் செய்துகொண்டு, பழைய பிடியைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

உள்ளே பிடிக்குள் மறையும் வால்பகுதியில் இருக்கும் கருந்துருவை எக்காரணம் கொண்டும் தேய்க்காதீர்கள். வயதைக் கணிப்பவர்கள் முதலில் பார்க்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

பிடி மாற்றினால் பதிவு பாதிக்குமோ என்ற கவலை வேண்டாம். சான்றில் இருப்பது அலகின் நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, கையொப்பம் போன்றவை. நாடாவின் நிறம் அதில் வராது. ஆனால் புதுப் பிடிக்குத் தோதாக வால்பகுதியில் இன்னொரு துளை போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்னொன்று: வாங்கிய 20 நாளுக்குள் உரிமை மாற்றத்தைச் சான்று வழங்கிய மாநிலக் கல்வி வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டீர்களா?

கேள்வி: "அசல் திருக்கை மீன் தோல்" என்று விளம்பரம். பிளாஸ்டிக் இல்லை என்று எப்படி அறிவது?

பதில்: அசல் தோலில் குமிழ்கள் ஒரே அளவில் இருக்காது. மீனின் முதுகு நடுவே உள்ள பெரிய குமிழ்கள் ஓரிடத்தில் தனித்துத் தெரியும், விலகப் போகப் போகச் சிறுத்துவிடும். வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் எல்லாப் புள்ளிகளும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்கும்.

அசல் தோலிலும் கேட்க ஒன்று உண்டு. மலிவான வேலையில் இரு பக்கமும் குறுகிய பட்டைகளாக மட்டும் ஒட்டிவிட்டு நாடாவால் மூடிவிடுவார்கள். வைர இடைவெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பட்டை போடுவது தவறில்லை, பழைய வாள்களிலும் உண்டு. ஆனால் முழுத்தோலால் போர்த்திய பிடியே மரத்துக்குக் கூடுதல் வலு. முழுத்தோல் விலை சொன்னால், நாடா சுற்றுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.