கறுப்பு டின், வெள்ளை டின்

கேள்வி: டீச்சர், கறுப்பு உடுப்பு வெயிலில் ஏன் கூடச் சுடுகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டலாம்? – வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டு வெற்று மீன் டின் போதும், தங்கச்சி. வெளிப்பக்கம் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட், மற்றதற்கு வெள்ளை. (வெறும் தகரமாக விடாதீர்கள், பளபளப்பு வேறு கதை.) இரண்டிலும் ஒரே அளவு பீலித் தண்ணீர் ஊற்றி, அட்டையால் மூடி, காலை 10 மணிக்கே லயத்து வாசலில் வையுங்கள். பிந்தினால் மூடுபனி இறங்கிவிடும். போன வருடம் நான் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு மணி நேரம் கழித்து விரல் விட்டுப் பார்க்கட்டும். கறுப்பு டின் தண்ணீர்தான் கூடச் சுடும். கறுப்பு, மேலே விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சி வெப்பமாக்கும். வெள்ளை திருப்பி அனுப்பிவிடும்.

பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி இஸ்தோப்பு நிழலில் வையுங்கள். வித்தியாசமே தெரியாது. "அப்ப கறுப்பு சுடல டீச்சர், வெயில்தான் சுடுது" என்றான் என் வகுப்பு வாண்டு ஒருவன்.