நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லையே!

கேள்வி: வயது 61. பணி ஓய்வு பெற்றதும், நெடுநாள் ஆசையான ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஒவ்வோர் எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தாலும் மறுநாள் பாதி மறந்துவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளைகள் முன்னால் திணறக் கூச்சமாக இருக்கிறது. "இந்த வயசுல எதுக்குப்பா?" என்கிறான் மகன். அடிப்படைத் தேர்வு எழுத ஆசை. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் ஐயா. மறதி முழுவதையும் வயதின் தலையில் போட்டுவிட்டீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியைத் தானே அளந்து, 1885-ல் நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோதனை நடந்தபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயதுதான்! உங்களுக்கும் இப்போதைக்கு ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானாவின் அந்த 46 எழுத்துகள் பொருளில்லாத கோடுகளே. மறக்கத்தான் செய்யும்.

வயதானால் புதியதைப் பிடிக்கும் வேகம் குறையும் என்பதும் உண்மை. கூடுதலாகச் சில முறை பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்கான நேரம் இப்போது உங்களிடம் இருக்கிறது.

மாற்ற வேண்டியது படிக்கும் முறையை. பார்த்துப் பார்த்து எழுதும்போது கைதான் வேலை செய்கிறது, நினைவு சும்மா இருக்கிறது. ஐந்து எழுத்து படியுங்கள். நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். வராவிட்டால் உடனே திறக்காமல் கொஞ்சம் தவியுங்கள். அந்தத் தவிப்பில்தான் பதிகிறது. மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் மாணவர்களிடம் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவுகூர்ந்து பார்த்தவர்களே முந்தினார்கள்.

இலக்கணத்துக்கு வந்ததும் உங்களுக்கு ஒரு தெம்பு கிடைக்கும். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். நம் வேற்றுமை உருபுகளைப் போல அங்கேயும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் உருபுகள் சேரும். ஆயுள் முழுக்கத் தமிழில் பேசி எழுதியது சும்மா போகாது.

அப்புறம் அந்தக் கூச்சம். எனக்கு மறதியைவிட இதுதான் கவலையாக இருக்கிறது. பல ஆண்டுகள் மற்றவர்கள் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்டிருப்பார்கள். இப்போது நீங்கள் கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வலிக்கும்தான். ஆனாலும் தப்பும் தவறுமாக வாய்விட்டுப் பேசாமல் எந்த மொழியும் வராது. பக்கத்தில் இருக்கும் இளைஞரிடம், "தம்பி, இதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் மகிழ்ந்து சொல்லித்தருவார்கள்.

மகனிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 60 வயது கடந்தவர்களை மூன்று மாதம் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் டிஜிட்டல் புகைப்படக் கலை போன்ற புதிய வித்தைகளைக் கற்க வைத்தது. 2014-ல் வெளியான முடிவின்படி, கூடிப் பேசி மட்டும் பொழுது போக்கியவர்களைவிடக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. நீங்கள் படும் சிரமம் வீண் இல்லை. ஆனால் பழகிய வழி தப்புவது, அன்றாடக் கணக்கு குழம்புவது என்று ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

தேர்வையும் எழுதுங்கள். ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. ஐந்து நிலைகளில் என்5 தான் தொடக்க நிலை. தேதி குறித்துக்கொண்டால் படிப்பும் ஒழுங்குக்கு வரும்.