கண்டுகொள்ளாமல் போன மனவியல் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: 1940, 50களில் வந்து யாரும் கண்டுகொள்ளாத அமெரிக்க மனவியல் படங்களை ஏன் சார் இப்படித் தேடி அலைகிறார்கள்?

பதில்: பெரிய ஸ்டூடியோ படங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். மறந்துபோன ஒரு சம்பவம் நினைவுக்கு வரும், நோய் தீர்ந்துவிடும். ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) கூட அப்படித்தான். சொந்தக் காசில் எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிலர் குழப்பத்தைக் குழப்பமாகவே விட்டார்கள். எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களை இழுப்பது அதுதான்.

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: யோசிக்காமல் சொல்வேன், ஜான் பார்க்கரின் 'டிமென்ஷியா' (1955). ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஒரு பெண் இரவு முழுக்க நகரத்தில் அலைகிறாள். வசனமே இல்லை, ஜார்ஜ் ஆன்டைலின் இசைதான் படத்தைக் கொண்டுபோகிறது. நியூயார்க் தணிக்கைக்காரர்கள் முதலில் அனுமதிக்கவே இல்லை. 1957இல் 'டாட்டர் ஆஃப் ஹாரர்' என்று பேர் மாற்றி, எட் மக்மேனின் பின்னணிக் குரலைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அவளுடைய அப்பா அம்மாவின் வீட்டு வாழ்க்கை கல்லறைகளுக்கு நடுவே நடக்கும். குரல் இல்லாத பிரதியில் அதைப் பார்த்து நாமே திடுக்கிட்டுப் புரிந்துகொள்கிறோம். மற்றதில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறார். எந்தப் பிரதி என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான். அப்புறம், 'தி ப்ளாப்' (1958) என்ற திகில் படத்தில் வரும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருப்பதும் இதே படம்தான்!

கேள்வி: இந்த மாதிரிப் படங்களின் டிவிடி பலதும் மங்கலாக இருக்கிறதே?

பதில்: 1964க்கு முன் வந்த படங்களுக்கு அமெரிக்காவில் 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பலர் செய்யவில்லை, உரிமை போய்விட்டது. 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) பிரதிகளில் காப்புரிமை அறிவிப்பே இல்லை, அதனால் அன்றைய சட்டப்படி அதற்கும் உரிமை இல்லாமல் போனது. உரிமையாளர் இல்லாத படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். நகலுக்கு நகல் எடுத்தால் மங்காமல் என்ன செய்யும்? மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பதிப்பு வரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: 16 மி.மீ. படச்சுருள் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் சுருளின் அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது, வாங்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் மற்ற சுருள்களோடு வைக்காதீர்கள், அவையும் கெடும். அந்தக் காலக் கலர் பிரதிகள் பலதும் வெளுத்துச் சிவந்திருக்கும். நல்லவேளை, நமக்குப் பிடித்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.