பரணில் கிடக்கும் பூஜாடி

கேள்வி: என் அம்மா 68 வயதில் ஓவியம் வரையக் கற்றுக்கொண்டார். தானே பறித்துவந்த காட்டுப்பூக்களை ஒரு ஜாடியில் வைத்து, அதைப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக வரைந்து எங்கள் புதுவீட்டுக்குக் கொடுத்தார். வண்ணத்தை அப்பி அப்பி வைத்திருக்கிறார். பூ பூவாகவே இல்லை. கூடத்துச் சுவருக்கும் பொருந்தவில்லை. பாலித்தீன் உறையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அரைமணி நேரத் தொலைவில்தான் இருக்கிறார் என்பதால், அவர் வரும்போது மட்டும் எடுத்து மாட்டுவேன். கடைசியாக மாட்டிப் பதினோரு மாதமாகிறது. அவர் மனம் நோகாமல் இதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

பதில்: நோகாமல் கொடுக்க வழி கிடையாது. அப்படி ஒரு வழி இருந்தாலும் நான் சொல்லித்தர மாட்டேன்.

பெரியவர்கள் கொடுத்த பொருளை எங்கே ஒளிப்பது என்று கேட்டு எத்தனையோ கடிதங்கள் எனக்கு வந்துவிட்டன. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே வரி. அம்மா வரும்போது மட்டும் மாட்டுகிறீர்கள். மாட்டிப் பதினோரு மாதமாகிறது. அப்படியானால் அரைமணி நேரத் தொலைவில் இருப்பவர் உங்கள் வாசலை மிதித்தே பதினோரு மாதமாகிறது! இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா? ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். அப்பிவைத்த இடத்தில் உள்ளே பல மாதங்களுக்கு மென்மையாகவே இருக்கும். அதன்மேல் பாலித்தீனைச் சுற்றினால் எழுந்து நிற்கும் இதழெல்லாம் நசுங்கிப்போகும். அந்த இதழை வைத்த கைக்கு அது தெரியாமல் போகுமா? கடைசியாக வந்த அன்று அவர் படத்தின் அருகே நின்றாரா என்று நினைத்துப் பாருங்கள்.

பூ பூவாகவே இல்லை என்கிறீர்கள். காட்டுப்பூக்களில் பல, பறித்த சில மணி நேரத்திலேயே தலை சாய்ந்துவிடும். இதழை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. கண்ணில் பட்ட நிறத்தை அப்படியே கேன்வாஸில் வைத்தாக வேண்டும். அந்த அவசரமும் ஆசையும்தான் உங்களுக்கு அப்பலாகத் தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே 1883-இல் இறந்தார். அதற்கு முந்தைய மாதங்களில், நோயில் கிடந்த அவர், நண்பர்கள் கொண்டுவந்த பூக்களைக் கண்ணாடி ஜாடிகளில் வைத்துச் சின்னச் சின்ன ஓவியங்களாக வரைந்தார். அவருக்குப் பூ கொண்டுவர ஆள் இருந்தது. உங்கள் அம்மா 68 வயதில் தானே குனிந்து பறித்திருக்கிறார்.

படம் பிடிக்காமல் போகலாம், அதில் குற்றமில்லை. அதை அவரிடமே சொல்லியிருந்தால் இன்னொன்று வரைந்திருப்பார். பெற்றவரை வரவேற்க ஒரு சுவர், அவர் போனபின் வேறொரு சுவர் என்று வீடு நடத்துவதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளைகளின் கடமையில் சுவரின் பொருத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று. எண்ணெய் வண்ணம் இருட்டில் கிடந்தால் மஞ்சளித்துப்போகும். பகல் வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறையும். அதனால் இந்த வாரமே இறக்குங்கள். உறையை ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். அப்படியே வைத்துவிட்டு அம்மாவை அழைத்துவரக் கிளம்புங்கள். போனில் கூப்பிட வேண்டாம், நேரில் போங்கள். பரணில் வைத்தது நான்தான் என்று வரும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். ஒட்டியிருக்கும் இடத்தை அவர் கை பிரிக்கட்டும். நேர் வெயில் படாத, வெளிச்சமான சுவர் எது என்று அவரையே கேட்டு, அங்கே ஆணியடியுங்கள்.