கடை வாசலில் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க முடியுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். குடியுரிமை கிடைத்து வாக்காளராகவும் பதிந்தாகிவிட்டது. சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒருவர், "திறந்தவெளியைக் காப்பாற்றுங்கள், முடிவு மக்கள் ஓட்டில்" என்று மனு ஒன்றை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். மனைவி அவசரமாகக் கடைக்குள் போய்விட்டதால் அவர் பெயருக்கும் நானே போட்டேன். இப்போது மனுவுக்குப் பின்னால் ஒரு மால் கம்பெனி இருக்கிறது என்கிறார்கள். வாபஸ் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், மனு தாக்கலாகும் நாளுக்கு முன்பாக, அதாவது திரட்டிய கையெழுத்துகளை மனுக்காரர்கள் நகர நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் நாளுக்கு முன்பாக. பெயர், வீட்டு முகவரி, எந்த மனு என்ற விவரம், கீழே கையெழுத்து. இதை எழுதி சிட்டி கிளார்க்கிடம் (நகரத்தின் தேர்தல் வேலையைப் பார்க்கும் அதிகாரி) கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேதியில்தான் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மனு தாக்கலானால், அன்று காலை ஒன்பது மணிக்கே நீங்கள் கொடுத்திருந்தாலும் செல்லாது. வியாழனன்றே கொடுத்திருக்க வேண்டும். தாக்கல் என்றைக்கு என்று உங்களுக்கு யாரும் தகவல் சொல்லப்போவதில்லை. கையெழுத்துத் திரட்ட 180 நாள் அவகாசம் உண்டு, காசு இருப்பவர்கள் சில வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். தபாலை நம்பாமல் நேரில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனைவிக்காக நீங்கள் போட்டது வேறு விவகாரம். அது செல்லாது, சட்டப்படி தப்பும்கூட. கடிதத்தில் அதைப் பற்றி எழுதுவதற்கு முன் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் பேசுங்கள்.

அப்புறம், இந்த "மக்கள் ஓட்டு". கலிஃபோர்னியாவின் நாபா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1990-ல் வந்த சட்டம்தான் இதன் அசல். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற மக்கள் சம்மதம் வேண்டும் என்றது. மாநில உச்ச நீதிமன்றமும் 1995-ல் அதை ஏற்றது. அதே பேச்சைப் பிடித்துக்கொண்டு புரொமோட்டர்களும் மனு போட ஆரம்பித்துவிட்டார்கள். நகர வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால், நகர மன்றம் அதை ஓட்டுக்கு விடலாம், அல்லது ஓர் எழுத்துகூட மாற்றாமல் தானே சட்டமாக்கிவிடலாம். இரண்டாவது வழியில் ஓட்டு கிடையாது. சுற்றுச்சூழல் ஆய்வும் தேவையில்லை என்று சொனோரா ஊர் வால்மார்ட் வழக்கில் 2014-ல் தீர்ப்பே வந்தாயிற்று. ஊருக்கு ஆய்வு வேண்டும் என்று சட்டம் போட்டவர்களே இந்தப் பின்கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். என்ன சொல்ல!

கார்ல்ஸ்பாடில் நடந்ததைப் பாருங்கள். காயல் ஓரம் ஸ்ட்ராபெரி வயல். 85 சதவீதம் திறந்தவெளி, 15 சதவீதம் மால் என்று மனு. 2015 ஆகஸ்டில் நகர மன்றம் ஓட்டுக்கே விடாமல் நிறைவேற்றியது. ஊர்க்காரர்கள் அந்தச் சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விடச் சொல்லிப் பதில் மனு (ரெஃபரண்டம்) போட்டு, 2016 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து அதைத் தோற்கடித்தார்கள்.

மனு நீட்டுபவர் பெரும்பாலும் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர். அவர் உங்கள் ஊர்க்காரராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பொய் சொல்லி வாங்குவது குற்றம்தான், ஆனால் கடை வாசல் பேச்சுக்கு யார் சாட்சி? அவர் வாயைப் பார்க்காதீர்கள். மனுவின் தலைப்பில் சிட்டி அட்டர்னி (நகர நிர்வாகத்தின் வக்கீல்) எழுதிய சுருக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். பணம் போட்டவர்கள் பட்டியலைக் காட்டு என்று கேளுங்கள். மனுவிலோ தனித்தாளிலோ அது இருந்தாக வேண்டும். "அதெல்லாம் ஆன்லைனில் இருக்கிறது" என்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிரீன் கார்டு, ஹெச்-1பி நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள்: அவர்கள் கையெழுத்தே போடக்கூடாது.

கடிதம் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டால்? நகர மன்றம் நேரடியாக நிறைவேற்றினால், பதில் மனு போட 30 நாள் உண்டு. அதுவும் ஓட்டுக்கு வந்தால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அங்கே "எஸ்" என்றால் மன்றம் போட்ட சட்டம் இருக்கட்டும் என்று அர்த்தம். மால் வேண்டாம் என்பவர்கள் "நோ" போட வேண்டும்.